முகம் பார்க்காத கணக்கு

என் முகம் என் பேச்சைக் கேட்காது. மனதில் ஒன்றை நினைத்து முடிப்பதற்குள் அது ஊருக்கே சொல்லிவிடும். மீன் கடையில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கடைக்காரர், "எக்கா, அப்புடிப் பாக்காதீங்க, இன்னைக்குக் காலையில வந்த மீனுதான்" என்று சத்தியம் செய்யத் தொடங்குவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பிரசங்கம் நீண்டால் சாமியார் என்னைப் பார்த்துத்தான் சுருக்கிக்கொள்கிறார் என்று என் கணவர் கிண்டல் செய்வார். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் நான்; அதை மறைக்கவும் தெரியாது. இப்படிப்பட்ட முகத்தை வைத்துக்கொண்டுதான் என் மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரக் கிளம்பினேன்.

திட்டம் போட்டுச் செய்ததல்ல. சின்ன வயதில் அவளுக்கு வீசிங். ஒன்றாம் வகுப்பில் பாதி நாள் பள்ளி, பாதி நாள் ஆஸ்பத்திரி. பிறகு கொரோனா வந்து எல்லாப் பிள்ளைகளுமே வீட்டில் உட்கார்ந்தார்கள். பள்ளிகள் திறந்தபோது மற்ற பிள்ளைகள் போனார்கள், இவள் போகவில்லை. வீட்டில் அவள் மூச்சு சீராக இருந்தது, படிப்பும் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாள் பார்ப்போம் என்று நினைத்தது வருஷக் கணக்காகிவிட்டது. திண்டுக்கல்லில் எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லெறிந்தால் ஒரு டீச்சர் மேல்தான் விழும். அவர்கள் அத்தனை பேரும் இதைக் குடும்பத்துக்கு நேர்ந்த அவமானமாகவே பார்த்தார்கள். நான் அசையவில்லை. அவர்கள் சொன்னார்கள் என்பதற்காகவே இன்னும் உறுதியாக நின்றேன் என்றும் சொல்லலாம்.

எங்கள் வீடு மாடியில். கீழே கணவரின் பேக்கரி. பேக்கரிக்குப் பின்னால், அடுப்புச் சூடு எட்டாத இடத்தில் ஒரு மேசை. அதுதான் எங்கள் பள்ளிக்கூடம். அங்கே உட்கார்ந்து அவள் கையில் கிடைத்த தமிழ்ப் புத்தகங்களையெல்லாம் படித்தாள். இங்கிலீஷில் கதை எழுதினாள். செடி, பூச்சி, நட்சத்திரம் என்று எதைப் பற்றிக் கேட்டாலும் மூச்சுவிடாமல் பேசுவாள். கணக்கிலும் குறையில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தோம். பன் வாங்க வருகிற பெரியவர்கள் வீட்டுப் படிப்பைச் சோதித்துப் பார்க்கிற ஆசையில், "எங்க, ஆறொம்பது எவ்வளவு சொல்லு பாப்போம்" என்பார்கள். அவள் கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் என்னை ஒருமுறை பார்ப்பாள். "அம்பது... அம்பத்தி ரெண்டு... அம்பத்தி நாலு!" என்பாள். செத்த நேரம் யோசித்துச் சொல்கிறாள், ஆனால் சரியாகச் சொல்லிவிடுகிறாள் என்று நான் பூரித்துப் போய் அவர்களுக்கு ஒரு பிஸ்கட்டைச் சேர்த்துக் கொடுப்பேன்.

பள்ளிக்குப் போக வேண்டும் என்று முதலில் சொன்னது அவள்தான். பின் வீட்டில் அவள் வயதில் ஒரு பெண் இருக்கிறாள். இருவரும் ஒருத்தி தலைமுடியை ஒருத்தி பின்னிவிடுகிற அளவுக்குச் சிநேகிதம். அந்தப் பெண் ஜூன் மாதம் கன்னியர் நடத்தும் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள் என்று தெரிந்ததும், "நானும் போறேம்மா. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காருவோம்னு பேசி வச்சிட்டோம்" என்றாள். வீசிங் எப்போதோ விட்டுப் போயிருந்தது. எனக்கும் ஆட்சேபம் இல்லை. இத்தனை வருஷம் நான் என்ன செய்தேன் என்று சொந்தக்காரர்கள் பார்க்கட்டுமே என்ற ஒரு சின்ன நப்பாசையும் இருந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்த கையோடு கூட்டிக்கொண்டு போனேன். தலைமை ஆசிரியரான சிஸ்டர் ஒரு தமிழ்த் தாளையும் ஒரு கணக்குத் தாளையும் கொடுத்து அவளைத் தனி அறையில் உட்கார வைத்தார். நான் வெளியே வேப்பமர நிழலில் நின்று, ஆறாம் வகுப்புச் சீருடைக்கு எங்கே அளவு கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தைரியம் எனக்கு.

சிஸ்டர் என்னை உள்ளே கூப்பிட்டபோது கணக்குத் தாள் மேசைமேல் கிடந்தது. பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. எழுதியிருந்தவற்றில் ஒன்றிரண்டுதான் தேறின.

"தமிழ்ல எட்டாங்கிளாஸ் பிள்ள மாதிரி எழுதுறா. கணக்குல மூணாங்கிளாஸ் கூடக் கெடையாது" என்றார் சிஸ்டர். குரலில் குத்தல் இல்லை. "மே மாசக் கடைசியில இன்னொரு தடவ பாக்குறேன். அடிப்படை தேறிட்டா ஆறாவது. இல்லாட்டி நாலாவதுலதான் சேத்துக்க முடியும். வருத்தப்படாதீங்க, பிள்ளைக்கும் அதுதான் நல்லது."

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரில் என் முதுகில் முகத்தைப் பதித்து அவள் அழுதாள். சட்டை நனைகிற அளவுக்கு அழுதாள். "நாலாவதுன்னா சின்னப் பிள்ளைகளோட உக்காரணும்மா. அவ மாடிக்குப் போவா, நான் கீழ இருப்பேன்." தினமும் வாயால் சரியாகச் சொல்கிற பிள்ளைக்குத் தாளைப் பார்த்ததும் என்ன ஆனது என்பது எனக்கு விளங்கவே இல்லை.

பயம்தான் என்று முடிவு கட்டினேன். என் நாத்தனார் அப்படி நினைக்கவில்லை. அவர் கணக்கு டீச்சர். விஷயம் காதில் விழுந்ததும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்து, வெஞ்சனமாக வைத்த பொரியலைக் கூடத் தொடாமல், "மதினி, எங்கேயோ அஸ்திவாரத்துல ஓட்ட இருக்கு. பிள்ள புத்திசாலி, அது தெரியாமப் பாத்துக்குது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் ரசத்தைக் கொஞ்சம் வேகமாகவே ஊற்றினேன். ஆனால் அவர் சொன்னது சரி. அது தெரிய எனக்கு ஜலதோஷம் பிடிக்க வேண்டியிருந்தது.

ஜனவரிப் பனியில் மூக்கடைத்து, தலை கனத்து, ஒருநாள் காலை ஆவி பிடிக்க உட்கார்ந்தேன். கொதிக்கிற தண்ணீரில் நொச்சி இலையைப் போட்டு, கம்பளியைத் தலைவழியே இழுத்து மூடிக்கொண்டேன். பாடம் மட்டும் நிற்கக்கூடாது என்று எனக்கு வெறி. மகளை எதிரில் உட்கார வைத்து, கம்பளிக்குள்ளிருந்தே கேட்டேன்.

"ஏழெட்டு எவ்வளவு?"

பதில் வரவில்லை.

"சொல்லு, நேத்துச் சொன்னியே."

"அம்பது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அம்பத்தி நாலு. அறுவது. நாப்பத்தொம்பது." எண்கள் திக்குத் திசை தெரியாமல் அலைந்தன. பிறகு, "அம்மா, செத்த கம்பளிய எடேன்" என்றாள்.

"எதுக்கு?"

"உன் மூஞ்சியப் பாக்கணும். பாக்காம எப்புடிச் சொல்றது?"

கம்பளியை விலக்கினேன். ஆவியும் வியர்வையுமாக என் முகம் வெளியே வந்தது. அவள் என்னையே உற்றுப் பார்த்தபடி, "அம்பத்தி மூணு... அம்பத்தஞ்சு... அம்பத்தாறு" என்று சொல்லி நிறுத்தினாள். நிம்மதியாகச் சிரித்தாள்.

எனக்கு மூக்கடைப்பே விட்டுப் போயிற்று. பக்கத்தில் உட்கார வைத்துத் தன்மையாகக் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தெரியாது. தப்பாகச் சொன்னால் என் மூக்கு சுருங்குமாம். விடைக்குக் கிட்டே வந்தால் இடது புருவம் மேலே ஏறுமாம். சரியான எண் வந்ததும் கன்னம் ரெண்டும் லேசாக உப்புமாம். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டியதுதான். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "அப்புடித்தானம்மா எல்லாரும் கணக்குப் போடுவாங்க?" என்று கேட்டாள்.

முதலில் சிரிப்பு வந்தது, பிறகு சிஸ்டர் மேசைமேல் வெள்ளையாகக் கிடந்த தாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கே எனக்கு ஒரு பெருமையும் வந்தது, அதை இப்போது சொன்னால்தான் உண்டு. யாரும் சொல்லித்தராமல் ஒரு பிள்ளை இப்படி ஒரு வழியைக் கண்டுபிடித்து, அதை வைத்து ஒரு பேக்கரியையே ஏமாற்றியிருக்கிறாள் என்றால் அந்த மூளைக்கு ஒரு வாய்ப்பாடு எம்மாத்திரம்? அதோடு, எங்கேயோ கிடக்கிற எண்ணிலிருந்து அவள் தொடங்குவதில்லை. ஐம்பத்தாறுக்கு ஐம்பதிலிருந்துதான் தொடங்குகிறாள். கிட்டத்தில் போய் நிற்கத் தெரிந்திருக்கிறது. கடைசி நாலைந்து அடிக்குத்தான் என் முகம் தேவைப்பட்டிருக்கிறது.

முகத்தை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். முதுகோடு முதுகு வைத்து உட்கார்ந்து பார்த்தோம். இரண்டாம் நாளே என் மூச்சைக் கேட்டுச் சொல்லக் கற்றுக்கொண்டாள். தப்பு என்றால் நான் மூச்சை இழுக்கிறேனாம். வளையலைக் கழற்றி வைத்தேன், மூச்சை அடக்கினேன். அடக்கினால் அதுவே அவளுக்குச் சேதி. என் கணவரையே சொல்லித்தரச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவருடைய முகம் ரொட்டி அச்சு மாதிரி. எதைக் கொட்டினாலும் ஒரே வடிவம்தான். ஆனால் அவர் விடியுமுன் அடுப்பு மூட்டுகிறவர், மற்றவர்கள் விழித்திருக்கிற நேரத்தில் தூங்குகிறவர். இரண்டு கேள்வி கேட்பதற்குள் குறட்டை வந்துவிடும்.

அதற்குள் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தது. எங்கள் வீடுகளில் தவக்காலத்துக்கு ஆளுக்கு ஒன்றை விடுவது வழக்கம். கணவர் வருஷா வருஷம் டீயை விடுவார். பின் பக்கமாக யாரும் பார்க்காமல் குடிக்கவும் செய்வார். நான் வழக்கமாக மீனை விடுவேன். அந்த வருஷம் இரண்டு சொற்களை விட்டேன். சரி, தப்பு. கணக்குப் பாடத்தில் ஈஸ்டர் வரைக்கும் அந்த இரண்டும் என் வாயிலிருந்து வராது என்று மகளிடம் சொன்னேன். "பெறகு சரியா இல்லையான்னு யாரு சொல்றது?" என்றாள். "நீதான்" என்றேன். மீனை விடுவது எவ்வளவு சுலபம் என்று ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டேன்.

தானே பார்த்துச் சொல்ல அவளுக்குக் கண்ணெதிரே ஏதாவது வேண்டும். பேக்கரியில் எதற்குப் பஞ்சமோ, முட்டை அட்டைக்குப் பஞ்சம் கிடையாது. ஓர் அட்டையில் வரிசைக்கு ஐந்து குழியாக ஆறு வரிசை. அதைக் கத்தரித்துப் பத்துக் குழி அட்டைகளாக்கினேன். குழிக்கு ஒரு நிலக்கடலை. முதலில் இருந்தே தொடங்கினோம், கூட்டலிலிருந்தே. எட்டோடு ஐந்து என்றால், எட்டுக் கடலை இருக்கிற அட்டையில் இன்னும் எத்தனை வைத்தால் நிறையும் என்று பார், மிச்சத்தை அடுத்த அட்டையில் போடு. பத்து வயசுப் பிள்ளைக்கு இதையா சொல்லித்தருவது என்று எனக்குள்ளே புகைந்தது. அவளுக்கும்தான். ஒருநாள் அட்டையைத் தள்ளிவிட்டாள். கடலை தரையெங்கும் உருண்டது. "நான் பேபியாம்மா?" என்று கத்தினாள். நானும் பதிலுக்குக் கத்தினேன். முன்னாலிருந்து பேக்கரிப் பையன்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினோம். பிறகு இரண்டு பேரும் குனிந்து கடலையைப் பொறுக்கினோம். பாதியை அவள் தின்றாள்.

ஆனால் அட்டை வேலை செய்தது. கழித்தல் என்றாலே அழுகிறவள், அதை நிரப்புவதாகப் பார்க்கத் தொடங்கினாள். "நாப்பதுல இருபத்தேழு போனா என்னன்னு கேக்காத. இருபத்தேழு முட்ட இருக்கு, நாப்பது ஆக எம்புட்டு வேணும்னு கேளு" என்று எனக்கே பாடம் எடுத்தாள். மூன்று வைத்தால் முப்பது, இன்னொரு அட்டை வைத்தால் நாற்பது. பதிமூன்று. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் திரும்ப அட்டையைப் பார்த்தாள்.

அட்டையை எடுத்துவிட்டால்தான் சிக்கல். விரல்களுக்குப் போனாள், விரல் தீர்ந்தால் என் முகத்துக்கு வந்தாள். எங்களைக் காப்பாற்றியது ஒரு கேக்.

பேக்கரியில் வெளியூர் கேக் ஆர்டர்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அம்பாத்துரை, சின்னாளபட்டி, நிலக்கோட்டை என்று ஸ்கூட்டரில் போய்வருவேன். வழக்கமாகப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிற பையன் வராத ஒருநாள், நிலக்கோட்டைக்கு ஒரு கேக். மகளைப் பின்னால் உட்கார வைத்து, பெட்டியை மடியில் கொடுத்து, ரெண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். ஊரைத் தாண்டியதும் வழக்கம்போல வாய் சும்மா இருக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினேன். "எட்டோட ஆறு?"

காற்றுச் சத்தம் மட்டும். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவளுக்கு என் முகம் தெரியாது. மூச்சும் கேட்காது. ரெண்டு கையும் கேக்கைப் பிடித்திருப்பதால் விரலும் கிடையாது. தலைகீழாக நின்றாலும் எனக்குத் தோன்றியிருக்காத ஏற்பாடு.

"ரெண்டு வச்சா அட்ட நெறஞ்சிரும்" என்ற குரல் மெதுவாக என் காதுக்குப் பின்னால் வந்தது. "மிச்சம் நாலு. பதினாலு." கண்ணை மூடிக்கொண்டு அட்டையைப் பார்த்திருக்கிறாள்.

அன்றிலிருந்து எந்த ஊர் ஆர்டர் வந்தாலும் பின்னால் அவள்தான். வழியில் பூ வேன்கள் எங்களைத் தாண்டிப் போகும், மல்லிகை வாசனை கொஞ்ச தூரம் கூடவே வரும், நாங்கள் கணக்கைக் கத்திக்கொண்டே போவோம். எதிரே வருகிறவர்கள் அம்மாவும் மகளும் சண்டை போட்டுக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஒருமுறை பேகம்பூரில் ஒரு வீட்டுப் பிறந்தநாளுக்குக் கொண்டுபோகும்போது, ஒரு விடை வந்த உற்சாகத்தில் அவள் கையைத் தூக்கிவிட்டாள். அதே நேரத்தில் வேகத்தடை. திறந்து பார்த்தால் கேக் ஒரு பக்கமாக ஒதுங்கி, பிறந்தநாள் பையனின் பேர் பாதி பெட்டியில் ஒட்டியிருந்தது. அந்த வீட்டம்மா பார்த்துவிட்டு, "பரவாயில்லம்மா, வெட்டத்தான போறோம்" என்று சிரித்தார். கணவர் மட்டும் ஒரு வாரம் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து முறைத்தார். அந்த ரொட்டி அச்சு முகத்தில் கூட அது தெரிந்தது.

ஈஸ்டர் நெருங்குகிற சமயம். நிலக்கோட்டை ரோட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். "ஏழெட்டு?" என்று கேட்டேன். கம்பளிக்குள்ளிருந்து கேட்ட அதே கேள்வி. முட்டை அட்டையில் வரிசைக்கு ஐந்துதான் என்பதால், அவளுக்கு எதையும் ஐந்தாகப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் வந்திருந்தது. "அஞ்செட்டு நாப்பது. இன்னும் ரெண்டெட்டு, பதினாறு. அம்பத்தாறு." குரல் எங்கும் தடுமாறவில்லை. பிறகு பழக்கதோஷத்தில், "சரியாம்மா?" என்றாள்.

எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. தவக்காலம் இன்னும் முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரைத் திருகினேன்.

கொஞ்ச தூரம் போனபின், "சரிதான்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். "வேற என்ன வரும்?" ஹெல்மெட்டுக்குள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டி, தண்ணீர் குடிக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இத்தோடு கதை முடிந்தது என்றால் சந்தோஷம். ஆனால் மேசைக்கு வந்து எதிரெதிரே உட்கார்ந்தால் பழைய புத்தி எட்டிப் பார்க்கும். ஸ்கூட்டரில் அசையாமல் வந்த விடை, என் புருவம் எதிரில் இருந்தால் நகரும். சரியான விடையையே சொல்லிவிட்டு, வேறு எதையோ நினைத்து நான் மூக்கைச் சுருக்கினால் போதும், உடனே மாற்றிவிடுவாள். ஒருமுறை பேக்கரி அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று மூக்கைச் சுருக்கினேன். இங்கே முப்பத்தாறு முப்பத்தெட்டாகிவிட்டது. சிஸ்டருக்கும் ஒரு முகம் இருக்கிறதே, அவரை ஸ்கூட்டரில் ஏற்றியா கேள்வி கேட்கச் சொல்ல முடியும் என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பின் வீட்டுப் பெண் அதற்குள் புது லஞ்ச் பேக் வாங்கி, இவளுக்கும் அதே நிறத்தில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். அதைக் கேட்டதும் காலண்டரை எடுத்து நாள் எண்ணினேன்.

மே மாதக் கடைசியில் போனோம். அன்றைய வெயிலுக்குப் பள்ளிக் கட்டடமே தகித்தது. தாளில் எழுத வைத்த பிறகு, சிஸ்டர் அதைத் திருத்திப் பார்த்தார். "அடேயப்பா" என்றார். பிறகு, "எழுத்துல தேறிட்டா. வாயால கொஞ்சம் கேட்டுப் பாத்துருறேன். நீங்களும் உள்ள வாங்க, பிள்ளைக்குத் தைரியமா இருக்கும்" என்று என்னைக் கூப்பிட்டார்.

அவளுக்குத் தைரியம் தருகிற முகமா இது? வெளியே நிற்கிறேன் என்று சொல்லப் பார்த்தேன், சிஸ்டர் விடவில்லை. அவருக்குப் பின்னால் சுவரோரம் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்தால் நான் நேராக மகளின் கண்ணில்தான் படுவேன். வேறு இடமில்லை. அம்மாவைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது, அதைப் பார்த்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சின்னச் சின்னக் கேள்விகள் போயின. சொன்னாள். வாய்ப்பாடு கேட்டார். சொன்னாள். அவ்வப்போது என் பக்கம் கண் வந்து போனது, நான் தரையைப் பார்த்தேன். பிறகு சிஸ்டர், "ஆயிரத்துலருந்து முந்நூத்தி அறுபத்தேழு போனா மிச்சம் எவ்வளவு?" என்று கேட்டார்.

எனக்குப் பதற்றத்தில் தலை நிமிர்ந்துவிட்டது. மனம் தானாகவே கணக்குப் போட்டது. எழுநூற்று முப்பத்து மூன்று.

மகள் கண்ணை ஒருகணம் மூடித் திறந்தாள். "அறுநூத்தி முப்பத்திமூணு" என்றாள்.

போச்சு என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் என் முகம் அதைச் சொல்லிவிட்டது. மூக்கு சுருங்கியது எனக்கே தெரிந்தது, புருவம் ஏறியது. அடக்குவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். நேருக்கு நேர் பார்த்தாள். சிஸ்டரும் சும்மா இல்லாமல், "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார். பழையபடி எண்களைத் தேடி அலையப் போகிறாள், சிஸ்டருக்குத் தெரிந்துவிடும், நாலாம் வகுப்பு, கீழ்த்தளம், எல்லாம் என் மூஞ்சியால்.

அவள் என்னையே பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு பார்வையை என்னிடமிருந்து எடுத்துவிட்டாள். மேசைமேல் ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் அவசரமில்லை என்பது போலச் சொன்னாள்: "முந்நூத்தி அறுபத்தேழு இருக்கு. மூணு வச்சா எழுபது. முப்பது வச்சா நானூறு. இன்னும் அறுநூறு வச்சா ஆயிரம். அறுநூத்தி முப்பத்திமூணுதான் சிஸ்டர்."

நான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. நூறை விட்டது நான்.

"இப்புடி ஒரு கழித்தல நான் பாத்ததில்ல" என்று சிஸ்டர் சிரித்தார். "ஆறாவதுல போயி உக்காரு. அங்க டீச்சருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு."

எனக்குப் பிள்ளை பிறந்த அன்றைக்குக் கூட இவ்வளவு பெருமை இருந்ததில்லை. அன்று வலிதான் அதிகம். பத்து வயதுப் பெண், பேச்சு வருவதற்கு முன்பிருந்தே நம்பி வந்த முகம் எதிரில் நின்று தப்பு என்கிறது. அந்த முகத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் கணக்கின் மேல் நின்றாள். என் மகள்! வெட்கமில்லாமல் சொல்கிறேன், கிடைக்கிற எல்லோரிடமும் சொல்கிறேன். நாத்தனாருக்குப் பள்ளி வாசலிலிருந்தே போன் செய்து சொன்னேன். அவர், "எனக்கு அப்பவே தெரியும் மதினி" என்றார். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அதையும் பொறுத்துக்கொண்டேன்.

வண்டியில் ஏறியதும் பின்னாலிருந்து கேட்டாள். "அம்மா, உனக்கு எழுநூத்தி முப்பத்திமூணுதான வந்துச்சு?"

"எப்புடிடி தெரியும்?"

"மூக்கு சொல்லுச்சு." கொஞ்ச நேரம் சிரித்தாள். "வீட்டுக்குப் போயி அட்டையில வச்சுக் காட்டுறேன், வா."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. பின் வீட்டுக்கு ஓடிச் செய்தியைச் சொல்லி, இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்து முடித்தபின், மறக்காமல் வந்து என்னை மேசையில் உட்கார வைத்தாள். பத்துக் குழி அட்டைகளை என் முன்னால் வரிசையாகப் பரப்பினாள். "பெருசு வேணாம், நூறுல அறுபத்தேழு போடுவோம்" என்று என் கையில் கடலையைத் திணித்தாள். நான் ஒவ்வொன்றாக வைத்தேன். அவள் எதிரில் கை கட்டி உட்கார்ந்திருந்தாள். ஓரிடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. எழுபதா, எண்பதா என்று நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். என் புருவம் அப்படியே அங்கே இருந்தது, இடது பக்கம் ஏறத் தொடங்கியிருந்தது.

"என் மூஞ்சியில என்னம்மா இருக்கு?" என்றாள் என் மகள். "அட்டையப் பாரு."